பந்தடித்த காலும் ஓட்டுப் போட்ட கையும்

2023 ஆகஸ்டு 12ஆம் நாள் கெடா மாநிலச் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. அதில் குருண் தொகுதி மக்கள் ஒரு காற்பந்து ஆட்டக்காரரைத் தங்கள் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்து அலோர்ஸ்டாருக்கு அனுப்பி வைத்தார்கள். அவர் பெயர் பட்ரோல் பக்தியார். கெடா அணியின் பச்சை, மஞ்சள் சட்டையில் நடுக்களத்தில் ஆடியவர். அந்த அணிக்குத் தலைவராகவும் இருந்தவர். குருணில் மட்டுமல்ல, பீடோங், சுங்கைப்பட்டாணி, ஜெனியாங் என்று சுற்றுவட்டாரத்தில் பந்து பார்க்கிற எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த முகம்.

"பந்தடிக்கிறவனுக்கு எதுக்குய்யா அரசியலு?" என்று கேட்பவர்கள் நம்மில் உண்டு. "வக்கீலும் முதலாளியும் மட்டுந்தான் நிக்கணுமா, ஆட்டக்காரன் நின்னா ஆகாதா?" என்று திருப்பிக் கேட்பவர்களும் உண்டு. இரண்டு கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. வேலை முடிந்து வந்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பேசிப் பார்ப்போம். ஒரு தனி மனிதரைப் பற்றிய பேச்சு இல்லை இது. நம் ஓட்டுக்கு என்ன விலை, அதை யாரிடம் எதற்காகக் கொடுக்கிறோம் என்ற பேச்சு.

திடல் நமக்குப் புதிதல்ல

தோட்டத்து மக்களுக்குக் காற்பந்து அந்நியமான ஆட்டம் அல்ல. வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலேயே தோட்டத்துக்குத் தோட்டம் திடல் போட்டார்கள். காலையில் பெரட்டுக்கு நின்று, நிரைக்குப் போய், பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த கால்கள்தாம் சாயங்காலம் திடலில் ஓடின. டிவிஷனுக்கு டிவிஷன் போட்டி, தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி. வென்றால் கிண்ணம். தோற்றால் அடுத்த திருவிழா வரைக்கும் அதே பேச்சு.

நம் இனத்துப் பிள்ளைகள் நாட்டுக்கே பெயர் வாங்கிக் கொடுத்தார்கள். 1972ஆம் ஆண்டு மூனிக் ஒலிம்பிக்கில் மலேசியா ஆடியபோது தற்காப்பில் நின்றவர் எம். சந்திரன். கோல் கம்பங்களுக்கிடையே சிலந்தி மாதிரி பாய்ந்து பிடித்ததால் 'ஸ்பைடர்மேன்' என்று பட்டம் வாங்கிய ஆர். ஆறுமுகத்தை யாரும் மறக்க மாட்டார்கள். 1980 ஏப்ரல் 6ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று சாய்த்து மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. ஆனால் ஆட்டக்காரர்கள் மாஸ்கோ போகவில்லை. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க அரசாங்கம் முடிவெடுத்தது. திடலில் வென்றதை அரசியல் ஒரே நாளில் எடுத்துக்கொண்டது. ஆட்டம் வேறு, அரசியல் வேறு என்று நாம் சொன்னாலும், அரசியல் அப்படி நினைப்பதில்லை.

நம் நாட்டில் ஆட்டக்காரர் அரசியலுக்குப் போனதைவிட, அரசியல் தலைவர்கள் காற்பந்துக்கு வந்ததுதான் அதிகம். கெடாவில் பிறந்து, சுங்கைப்பட்டாணியில் மாவட்ட அதிகாரியாக வேலை பார்த்த துங்கு அப்துல் ரஹ்மான், 1951 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் மலேசியக் காற்பந்துச் சங்கத் தலைவராக இருந்தார். சுதந்திரம் வாங்கிய 1957ஆம் ஆண்டிலேயே மெர்டேக்கா கிண்ணப் போட்டியைத் தொடங்கி வைத்தவர் அவர். அவருக்குப் பிறகு பல மாநிலங்களில் மந்திரி பெசார்களே காற்பந்துச் சங்கத் தலைவர் நாற்காலியிலும் உட்கார்ந்தார்கள். பந்தை உதைத்தவன் ஒருவன், நாற்காலியில் இருந்தவன் ஒருவன். உதைத்தவனே நாற்காலிக்குப் போனால் எப்படி இருக்கும் என்பதுதான் குருணில் எழுந்த புதுக் கேள்வி.

குருணில் நடந்தது

பட்ரோல் 1988ல் பிறந்தவர். கெடா அணி 2007, 2008 என்று இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் அள்ளியது. அந்தப் பொற்காலத்தில் மீசை முளைக்கும் வயதில் அணிக்குள் வந்தவர் அவர். பிறகு பத்து ஆண்டுகளுக்கு மேல் அதே அணி. 2016ல் கெடா மீண்டும் மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியபோதும் இருந்தார். தேசிய அணிக்கும் ஆடினார். 2021ல்தான் கெடாவை விட்டுச் சபா அணிக்குப் போனார்.

2023 தேர்தலில் பெரிக்காத்தான் நேஷனல் அவரைக் குருணில் நிறுத்தியது. வென்றார். இது அவருடைய பந்துக்குக் கிடைத்த வெற்றியா, கூட்டணிக்குக் கிடைத்த வெற்றியா? கணக்கைப் பார்த்தால் விளங்கும். கெடாவில் மொத்தம் 36 சட்டமன்றத் தொகுதிகள். அந்தத் தேர்தலில் பெரிக்காத்தான் வென்றவை 33. ஆட்டக்காரர் நின்ற இடத்திலும் வென்றார்கள், உஸ்தாஸ் நின்ற இடத்திலும் வென்றார்கள், ஆசிரியர் நின்ற இடத்திலும் வென்றார்கள். வெள்ளம் வந்தால் படகும் மிதக்கும், பலகையும் மிதக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. குருண் தொகுதியில் 2013ல் பாரிசான் சார்பில் ம.சீ.ச. வென்றது. 2018ல் பக்காத்தான் சார்பில் ஜொஹாரி அப்துல் வென்றார். அவரே பின்னர் நாடாளுமன்ற சபாநாயகர் ஆனார். 2023ல் பெரிக்காத்தான். மூன்று தேர்தல், மூன்று கூட்டணி! மாநிலத்தில் காற்று எந்தப் பக்கம் அடித்ததோ அந்தப் பக்கமே குருணும் சாய்ந்திருக்கிறது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் கலந்து வாழும் தொகுதி இது. யாருக்கும் நிரந்தரப் பட்டா எழுதிக் கொடுக்காத தொகுதி. இது நமக்குப் பலமா பலவீனமா என்பதைப் பின்னால் பார்ப்போம்.

சிக்கிம் மலையில் நடந்தது

காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரனும் என்ன ஆவான் என்பதற்கு இந்தியாவில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. அவர் நமக்கும் தெரிந்தவரே. 2003ல் பேராக் அணிக்கும், 2005ல் கொஞ்ச காலம் சிலாங்கூர் எம்.கே. லேண்ட் அணிக்கும் நம் நாட்டுக்கு வந்து ஆடியவர். பெயர் பாய்சுங் பூட்டியா.

இமயமலை அடுக்கில் உள்ள சின்னஞ்சிறு மாநிலம் சிக்கிம். 1975ல்தான் இந்தியாவோடு சேர்ந்தது. அங்கே தெற்குப் பக்கத்தில் திங்கிதாம் என்ற மலைக் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில், 1976 டிசம்பர் 15ஆம் நாள் பிறந்தவர் பாய்சுங். ஒன்பது வயதில் விளையாட்டு உபகாரச் சம்பளம் கிடைத்துத் தலைநகர் கேங்டாக்கில் பள்ளிக்கூடம் சேர்ந்தார். பதினாறு வயதில் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணி அழைத்தது. படிப்பை விட்டுவிட்டுப் போனார்.

1997 ஜூலை 13ஆம் நாள் கல்கத்தா சால்ட் லேக் அரங்கில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதின. அன்றைக்கு அரங்கில் இருந்த கூட்டம் 1,31,000 பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். பாய்சுங் மூன்று கோல் போட்டார். ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. 1999ல் இங்கிலாந்தின் பரி அணியோடு ஒப்பந்தம் போட்டார். ஐரோப்பிய அணியோடு தொழில்முறை ஒப்பந்தம் செய்த முதல் இந்திய ஆட்டக்காரர் அவர். 2008ல் இந்திய அணிக்குத் தலைமை தாங்கி ஆசிய சேலஞ்ச் கிண்ணத்தை வென்றார். அதனால் இந்தியா 2011 ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. 2008ல் பத்மஸ்ரீ விருது. சிக்கிமின் நாம்ச்சி நகரில் ஓர் அரங்கத்துக்கே அவர் பெயர் வைத்தார்கள்.

ஆடும் காலத்திலேயே இரண்டு காரியம் செய்தார். தோட்டத் தொழிலாளர்களாகிய நாம் அவற்றைக் கவனிக்க வேண்டும். ஒன்று, 2006ல் இந்தியக் காற்பந்து ஆட்டக்காரர்களுக்கு ஒரு சங்கம் ஏற்பட்டபோது அதன் முதல் தலைவராக நின்றார். ஒப்பந்தத்தை மீறுகிற முதலாளி, சம்பளத்தை இழுத்தடிக்கிற கிளப், காயம் பட்டால் கைவிடுகிற நிர்வாகம் எல்லாம் காற்பந்திலும் உண்டு. நம் நாட்டிலும் சம்பள பாக்கிச் செய்தி அண்மை ஆண்டுகளில் பல அணிகளை, கெடா அணி உட்பட, விட்டு வைக்கவில்லை. பெயர் வாங்கியவன் கேட்டால்தான் பெயர் தெரியாதவனுக்கும் கிடைக்கும் என்று அவர் நின்றார். இரண்டாவது, 2008ல் பெய்ஜிங் ஒலிம்பிக் தீபத்தைத் தூக்கி ஓட அழைத்தபோது, திபெத்து மக்களுக்கு ஆதரவாக அதை மறுத்துவிட்டார். மரியாதை வேண்டாம், மனசாட்சி போதும் என்று சொல்கிற துணிச்சல் எல்லாருக்கும் வராது.

2011ல் சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அதன் பிறகுதான் அரசியல்.

தோற்றதும் தொடர்ந்து நின்றதும்

2014 இந்திய நாடாளுமன்றத் தேர்தலில் மேற்கு வங்கத்தின் திரிணாமூல் காங்கிரஸ் அவரை டார்ஜிலிங் தொகுதியில் நிறுத்தியது. டார்ஜிலிங் என்றால் தேயிலை. நம் முன்னோரை வெள்ளைக்காரன் கப்பல் ஏற்றி மலாயாவுக்குக் கொண்டுவந்த மாதிரியே, நேபாளத்து மக்களைக் கொண்டுபோய் அந்த மலையில் தேயிலைக்குப் போட்டான். அங்கேயும் லைன் வீடு, அங்கேயும் நாள் சம்பளம், அங்கேயும் கொழுந்து கிள்ளுவது பெரும்பாலும் பெண்கள். அந்த மலை மக்கள் தங்களுக்கென்று கூர்க்காலாந்து என்ற தனி மாநிலம் வேண்டும் என்று பல காலமாகக் கேட்கிறார்கள். பாய்சுங் சேர்ந்த கட்சியோ தனி மாநிலம் கூடாது என்று சொல்கிற கட்சி. மலைக்கட்சியான கூர்க்கா ஜனமுக்தி மோர்ச்சா எதிர்ப்பக்கம் பாரதீய ஜனதாவை ஆதரித்தது. முடிவு, சுமார் 1,97,000 ஓட்டு வித்தியாசத்தில் தோல்வி.

மலை மக்கள் அவரை வெறுத்தார்களா? இல்லை. பக்கத்து மலைப் பிள்ளை, நல்ல ஆட்டக்காரன் என்று மெச்சத்தான் செய்தார்கள். ஆனால் ஓட்டுப் பெட்டிக்கு முன்னால் நின்றபோது, "எங்க கோரிக்கைக்கு நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு அவருடைய பந்து பதில் சொல்லவில்லை. அவருடைய கட்சிதான் பதில் சொன்னது.

2016ல் சிலிகுரி சட்டமன்றத் தொகுதி. எதிரில் நின்றவர் மார்க்சிஸ்ட் கட்சியின் அசோக் பட்டாச்சார்யா. முன்னாள் மந்திரி, அந்த ஊர் மேயர், தெருத் தெருவாக ஆளைத் தெரிந்தவர். பாய்சுங் பதினாலாயிரம் ஓட்டுச் சொச்சத்தில் தோற்றார்.

2018 பிப்ரவரியில் அந்தக் கட்சியை விட்டு விலகித் தன் சொந்த மாநிலமான சிக்கிமுக்குத் திரும்பினார். அந்த ஆண்டிலேயே 'ஹம்ரோ சிக்கிம்' என்ற கட்சியைத் தொடங்கினார். ஹம்ரோ என்றால் நேபாளியில் 'நம்முடைய' என்று அர்த்தம். அப்போது சிக்கிமை ஆண்டவர் பவன் சாம்லிங். 1994 முதல் தொடர்ந்து முதலமைச்சர். இந்தியாவில் அதற்கு முன்பு வேறு எவரும் அத்தனை காலம் முதலமைச்சராக இருந்ததில்லை. 2019 தேர்தலில் அவரையே மக்கள் இறக்கினார்கள். ஆனால் அந்த மாற்றம் பாய்சுங் கைக்கு வரவில்லை. மொத்தம் 32 தொகுதி. சிக்கிம் கிராந்திகாரி மோர்ச்சா 17, சாம்லிங் கட்சி 15. இரண்டு யானை மோதுகிற இடத்தில் மூன்றாவது ஆளுக்கு நிற்க இடமில்லை. பாய்சுங் கேங்டாக், தூமின் லிங்கி இரண்டிலும் நின்று இரண்டிலும் தோற்றார். அதே ஆண்டு அக்டோபரில் கேங்டாக் இடைத்தேர்தலிலும் நின்றார். ஆயிரம் ஓட்டைக்கூடத் தொட முடியவில்லை.

2022ல் அகில இந்தியக் காற்பந்துச் சம்மேளனத் தலைவர் பதவிக்கு நின்றார். இது மக்கள் ஓட்டு இல்லை, மாநிலச் சங்கங்களின் ஓட்டு. காற்பந்து வீட்டுக்குள்ளேயே நடக்கிற தேர்தல். எதிரில் நின்றவரும் முன்னாள் ஆட்டக்காரர், கோல் காவலர், பாரதீய ஜனதாவைச் சேர்ந்த கல்யாண் சௌபே. முடிவு 33-1. இந்தியக் காற்பந்தின் பெரிய பெயருக்குக் காற்பந்துக்காரர்களிடமே கிடைத்தது ஒரே ஓட்டு!

2023 நவம்பரில் தன் கட்சியைச் சாம்லிங்கின் சிக்கிம் ஜனநாயக முன்னணியோடு இணைத்தார். யாருடைய ஆட்சியை எதிர்த்துக் கட்சி தொடங்கினாரோ அவரோடேயே சேர்ந்தார். 2024 தேர்தலில் தான் பிறந்த தெற்குச் சிக்கிம் பக்கத்தில் பர்ஃபுங் தொகுதி. அவருக்குக் கிடைத்த ஓட்டு 4,012. வென்றவருக்கு 8,358. மாநிலத்தில் 32ல் 31 இடத்தை ஆளுங்கட்சி அள்ளியது. சாம்லிங்கே நின்ற இரண்டு தொகுதியிலும் தோற்றார். அந்த ஆண்டு ஜூன் மாதம், தேர்தல் அரசியல் தனக்கு ஒத்து வராது என்று அறிவித்துப் பாய்சுங் ஒதுங்கிவிட்டார்.

1,31,000 பேர் எழுந்து நின்று கைதட்டிய ஆளுக்குச் சொந்த மண்ணில் 4,012 ஓட்டு. இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். பத்து வருஷம், ஆறு தோல்வி. பணமும் பெயரும் உள்ளவன் முதல் தோல்வியிலேயே வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்தால்

குருணில் ஆட்டக்காரர் முதல் தடவையிலேயே வென்றார். சிக்கிமில் அவரைவிடப் பெரிய பெயர் பத்து ஆண்டு நின்றும் வெல்லவில்லை. அப்படியென்றால் ஆட்டத் திறமைக்கும் ஓட்டுக்கும் நேரான சம்பந்தம் இல்லை என்பது தெரிகிறது. பெயர் செய்கிற வேலை ஒன்றுதான். ஜனங்களைத் திரும்பிப் பார்க்க வைக்கும். அவ்வளவே. பிறகு கட்சி, கூட்டணி, காற்று, அந்தந்த ஊரின் கோரிக்கை எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

வெளியுலகத்திலும் இப்படித்தான். ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் ஜார்ஜ் வியா உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் பட்டம் வாங்கியவர். 2005ல் அதிபர் பதவிக்கு நின்று தோற்றார். பல ஆண்டு காத்திருந்து 2017ல் வென்றார். 2023ல் மக்கள் அவரை மாற்றிவிட்டார்கள். இந்தியாவில் பிரசூன் பானர்ஜி என்ற பழைய ஆட்டக்காரர் 2013 முதல் ஹௌரா தொகுதியில் தொடர்ந்து வென்று வந்திருக்கிறார். பிதேஷ் போஸ் 2021ல் மேற்கு வங்கச் சட்டமன்றத்துக்குப் போனார். இருவரும் மாநிலத்தை ஆண்டுகொண்டிருந்த கட்சியின் ஆட்கள். அதே கட்சி பாய்சுங்கையும் நிறுத்தியதுதான். ஆனால் அவரை நிறுத்திய மலைப்பக்கம் அந்தக் கட்சிக்குக் காற்று இல்லை.

ஆகவே, பந்தடித்தவர் என்பதற்காக ஒருவரைக் கேலி செய்யவும் வேண்டாம், அதற்காகவே ஓட்டுப் போடவும் வேண்டாம். சட்டமன்றத்துக்குப் போனபின் அவர் என்ன செய்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். அதற்கு முதலில் சட்டமன்றம் என்ன செய்யும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒய்.பி.யிடம் எதைக் கேட்பது

நம்மில் பலர் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டியதைச் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்கிறோம். சட்டமன்றத்தில் கேட்க வேண்டியதைக் கோயில் திருவிழாவுக்கு வரும் மந்திரியிடம் கேட்கிறோம். கடைசியில் இரண்டும் கிடைப்பதில்லை.

சம்பளச் சட்டம், தொழிலாளர் சட்டம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி ஆகியவை மத்திய அரசாங்கத்தின் கையில். நிலமோ மாநிலத்தின் கையில். அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. தோட்டத்து ஜனங்களுக்கு இதைவிட முக்கியமான செய்தி வேறில்லை. ஏனென்றால் நம் கஷ்டங்களில் பாதி நிலத்தில்தான் வந்து முட்டுகிறது. பத்து, முப்பது வருஷம் குடியிருந்த லயம் யாருடைய நிலம்? கும்பிடுகிற கோயில் யாருடைய நிலம்? தாத்தா பாட்டியைப் புதைத்த சுடுகாட்டுக்குப் பட்டா உண்டா? பிள்ளைகள் பந்தாடும் திடல் நாளைக்கும் திடலாக இருக்குமா? இவை எல்லாம் மாநிலத்தின் கதவைத் தட்டிக் கேட்க வேண்டியவை.

தோட்டம் கைமாறும்போதும் மாநிலத்துக்கு வேலை உண்டு. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை விற்றுக் கைமாற்ற மாநிலத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவு சொல்கிறது. விவசாய நிலத்தை வீட்டு மனையாக, தொழிற்பேட்டையாக மாற்றுவதற்கும் மாநில அனுமதி வேண்டும். குருண் பக்கம் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, உர ஆலையும் வாகன ஆலையும் வந்தன. நிலத்தின் முகம் மாறும் ஒவ்வொரு தடவையும் மாநில அலுவலகத்தில் ஒரு கையெழுத்து விழுகிறது. அந்தக் கையெழுத்து விழும் முன்பு, "அங்கே குடியிருக்கிறவன் கதி என்ன?" என்று கேட்க வேண்டியவர் நாம் அனுப்பிய ஒய்.பி. அவர் பந்தடித்தவரா, பாடம் நடத்தியவரா என்பது அந்த நேரத்தில் முக்கியமில்லை. கேட்டாரா இல்லையா என்பதுதான் முக்கியம்.

நிலம் பறிபோனால் என்ன ஆகும் என்பதைக் கெடாக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போனபோது எத்தனையோ குடும்பங்கள் மூட்டை கட்டின. அதைப் பார்த்துத்தான் 1960ல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில் அந்தச் சங்கம் முதன்முதலாக வாங்கிய தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சீடிம். தலைவர் வழி காட்டினார், பணத்தைக் கட்டியவர்கள் தொழிலாளர்கள். இரண்டும் சேர்ந்ததால் காரியம் நடந்தது.

சாலை விளக்கு, குப்பை, சாக்கடை, பொதுத் திடல் போன்றவை நகராண்மைக் கழகத்தின் வேலை. குருண் பக்கம் அது சுங்கைப்பட்டாணி நகராண்மைக் கழகம். நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல் 1965ல் நிறுத்தி வைக்கப்பட்டு, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இல்லாமலே போயிற்று. உறுப்பினர்களை மாநில அரசாங்கமே நியமிக்கிறது. ஆகவே அங்கேயும் வழி சட்டமன்ற உறுப்பினர் மூலமாகத்தான்.

நம் ஓட்டின் பலம்

"நாம எத்தனை பேரு இருக்கோம், நம்ம ஓட்டு எடுபடுமா?" என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. முன்போல லயங்கள் நிறைந்து இல்லை என்பது உண்மை. பிள்ளைகள் பட்டணத்துக்கும் பினாங்குக்கும் போய்விட்டார்கள். தோட்டத்து வேலையில் வெளிநாட்டார் வந்துவிட்டார்கள். ஆனால் குருண் மாதிரி மூன்று தேர்தலில் மூன்று கூட்டணியைப் பார்த்த தொகுதியில் எந்தக் கட்சியும் எந்த ஓட்டையும் தள்ளி வைக்க முடியாது. காற்று அடிக்கும்போது எல்லாரும் ஒரே பக்கம் சாய்வார்கள். காற்று நின்றபின் சின்னக் கணக்கே வெற்றியை முடிவு செய்யும். அப்போது நம் ஓட்டுக்கு உள்ள மரியாதை தனி.

2021 டிசம்பர் 15 முதல் பதினெட்டு வயது நிறைந்த எல்லாருக்கும் ஓட்டு உண்டு. முன்போலப் போய்ப் பதிய வேண்டியதுமில்லை, பெயர் தானாகவே பட்டியலில் ஏறும். ஆனால் அடையாளக் கார்டில் உள்ள முகவரிப்படிதான் தொகுதி அமையும். பட்டணத்தில் குடியிருந்து, கார்டில் தோட்டத்து முகவரி இருக்கும் பிள்ளைகள் ஓட்டு நாளன்று ஊருக்கு வர வேண்டும். வராவிட்டால் அந்த ஓட்டு இருந்தும் இல்லாததுதான். தாய்மார்கள் இதைப் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வைக்க வேண்டும். தீபாவளிக்கு வருகிற பிள்ளை தேர்தலுக்கும் வரட்டும்.

பந்தாடும் தம்பிமாருக்கு

கடைசியாகத் திடலில் ஆடும் நம் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. பாய்சுங் பூட்டியா தேர்தலில் ஒரு தடவைகூட வெல்லவில்லை. ஆனால் ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் வைத்தார், பிள்ளைகளுக்குக் காற்பந்துப் பள்ளிகள் நடத்தினார். அவற்றுக்கு எந்த ஓட்டுப் பெட்டியும் தேவைப்படவில்லை. பொதுவேலை என்பது சட்டமன்றத்தில்தான் தொடங்கும் என்று நினைக்காதீர்கள்.

1954ல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் உருவானபோது அதைத் தாங்கி நின்றவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் இருந்த கிளைத் தலைவர்களும் செயலாளர்களும்தான். சந்தா வசூலித்தவன், புகார்க் கடிதம் எழுதியவன், மேனேஜர் முன்னால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்று பேசியவன், இவர்களும் பொதுவாழ்க்கைக்காரர்களே. தொழிற்சங்கத்தில் நின்ற வி. டேவிட் 1959ல் பங்சார் மக்களால் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்குப் பின்னால் கைதட்டும் அரங்கம் இருக்கவில்லை. தொழிலாளர்கள் இருந்தார்கள்.

அணிக்குள் இருக்கிற நல்ல குணங்கள் பொதுவேலைக்கும் வேண்டியவைதான். பந்தைத் தானே வைத்துக்கொள்ளாமல் பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுப்பது, தோற்றாலும் அடுத்த ஆட்டத்துக்கு வந்து நிற்பது, நடுவர் ஊதினால் கோபத்தை அடக்குவது. இவற்றோடு கணக்குப் பார்க்கவும் கடிதம் எழுதவும் சட்டம் படிக்கவும் கற்றுக்கொண்டால், தோட்டத்துத் திடலில் இருந்தும் நாளைக்கு ஒரு சட்டமன்ற உறுப்பினர் வரலாம். கோயில் கமிட்டி, பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கம், இளைஞர் மன்றம் என்று முதலில் உங்கள் பக்கத்தில் இருக்கிற நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்து பழகுங்கள். கணக்கை எழுதி வைத்து, கேட்பவருக்குக் காட்டுங்கள்.

பெரியவர்களாகிய நாமும் ஒன்று செய்ய வேண்டும். அடுத்த தடவை ஒய்.பி. வரும்போது மாலை போட்டுப் படம் எடுத்துக்கொள்வதோடு விட்டுவிட வேண்டாம். லயம், கோயில், சுடுகாடு, திடல் ஆகிய நான்கின் நிலத்தைப் பற்றியும் ஒரு தாளில் எழுதி, நாலு பேர் கையெழுத்துப் போட்டு, தேதி குறித்து, அவர் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பிரதியோடு போய்க் கேளுங்கள். ஓட்டுப் போட்டதோடு நம் வேலை முடியவில்லை. அது தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம்.